உங்களுக்கு எதற்குச் சிரமம்

மலாயர் என்கிற எங்கள் ஊரில் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் ஈரஜைப் பற்றிக் குறை சொல்ல ஒரு ஆள் கிடையாது. தெருவில் போனால் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். மீட்டர் பார்க்கப் போகிற வீட்டிலெல்லாம் தேநீர் கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். "மனுஷன்னா ஈரஜ் மாதிரி இருக்கணும்" என்று பெண்கள் தங்கள் கணவர்களிடம் சொல்லிக் காட்டுவார்கள். அந்தப் பெண்களைக் கூப்பிட்டு ஒரே ஒரு வாரம் அவரோடு குடித்தனம் செய்து பாருங்கள் என்று சொல்ல அவர் மனைவி ஃபரங்கிஸுக்கு ஆசை. சொன்னதில்லை. விருந்தாளிகளுக்குப் பழம் வெட்டவே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது.

மரியாதை எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் உண்டுதான். யாராவது நம் பொருளைப் புகழ்ந்தால், "உங்களுடையதுதான், எடுத்துக்கொள்ளுங்கள்" என்போம். அவர் வேண்டாம் என்பார். மறுபடி சொல்வோம், மறுபடி வேண்டாம் என்பார். மூன்றாம் முறையும் ஆனபின் தேநீர் குடித்துவிட்டு அவரவர் பொருளோடு அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேருவோம். உதவி செய்கிறேன் என்று ஒருவர் வந்தாலும் இதே கதைதான். முதல் இரண்டு முறை மறுப்பது நம் வேலை, மூன்றாம் முறை கேட்பது அவர் வேலை. இதில் பொய் ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டு. ஈரஜுக்கு வாய்த்த கேடு என்னவென்றால், அவர் இந்த விளையாட்டை விளையாட்டாக ஆடவில்லை. உயிரைக் கொடுத்து ஆடினார்.

அவர்களிடம் முன்பு ஒரு வெள்ளைக் கார் இருந்தது. ஒரு பெருநாள் அன்று ஈரஜின் அக்காள் கணவர் வந்து காரைத் தடவிப் பார்த்து, நல்ல வண்டி என்றார். உங்களுடையதுதான் என்றார் ஈரஜ். மனிதர் கூச்சமே இல்லாத பிறவி. ஒரு தடவை மறுத்துவிட்டு, இரண்டாம் தடவை சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டிப் போய்விட்டார். திருப்பிக் கேட்பது ஈரஜின் அகராதியில் இல்லை. அன்றிலிருந்து ஃபரங்கிஸ் தான் தைக்கும் பள்ளிச் சீருடை மூட்டைகளைத் தோளில் சுமந்துகொண்டு கடைவீதிக்கு நடந்தாள். வீட்டில் மிச்சம் இருந்தது பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். அதை யாரும் புகழவில்லை, அதனால் தப்பித்தது.

மகள் நெகார் டெஹ்ரானில் இருந்தாள். கோடை முடிகிற ஷஹ்ரிவார் மாதத்து வெயிலில் ஒருநாள் அவளிடமிருந்து போன் வந்தது. கணவன் பேமானுக்கு ஜெர்மனியில் வேலை உறுதியாகிவிட்டது. பேமானின் சித்தப்பா மகன் அவர்களைக் காரில் ஏற்றித் துருக்கி எல்லைவரை கொண்டுபோய் விடுகிறான், அங்கிருந்து பிரயாணம். எப்போது திரும்பி வருவோம் என்று தெரியாது என்றாள் நெகார். பேத்தி தாராவை ஃபரங்கிஸ் கைக்குழந்தையாகப் பார்த்ததோடு சரி. இப்போது அவள் ஓடுகிறாள், பேசுகிறாள், எல்லாம் போனின் சின்னத் திரையில். போவதற்கு முன்னால் ஒரு தடவை மகளின் முகத்தைக் கையில் ஏந்திப் பார்க்க வேண்டும், அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஃபரங்கிஸுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

டெஹ்ரானுக்கே போய்விடலாம் என்றாள். சம்பந்தி அம்மாளும் போன் செய்து, வந்து ஒரு வாரம் தங்குங்கள் என்று அழைத்தாள். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றார் ஈரஜ். அவள் மறுபடி அழைத்தாள், இவர் மறுபடி மறுத்தார். அவள் மூன்றாம் முறை அழைத்ததையும் அவர் மறுத்துவிட்டார், சாமான் கட்டுகிற வீட்டில் போய் உட்காருவது நாகரிகமில்லையாம். கடைசியில் பாதி வழியில் சந்திப்பதாக ஏற்பாடு ஆனது. எல்லைக்குப் போகிற வழியில் அவர்கள் சன்ஜான் நகரப் பூங்காவில் ஒரு மாலையும் இரவும் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். இவர்களும் கூடாரத்தோடு அங்கே வந்துவிட வேண்டும். விடிவதற்கு முன் அவர்கள் எல்லையை நோக்கிக் கிளம்பிவிடுவார்கள்.

பஸ்ஸில் போகாமல் பைக்கில் போவோம் என்றார் ஈரஜ். இதற்கு மட்டும் ஃபரங்கிஸ் மறுப்பு சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் அவர்கள் இந்தப் பைக்கிலேயே கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியவர்கள். பின்சீட்டில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போகிறபோது, அவர் அவளுடைய மனிதராக மட்டும் இருப்பார். அங்கே விருந்தாளிக்கு இடம் கிடையாது. அந்தச் சுகத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அவரிடம்கூட.

திராட்சை இலையில் சோறும் பருப்பும் வைத்துச் சுற்றிய தொல்மே ஒரு பானை நிறைய, உலர்திராட்சை ஒரு பை, திராட்சைப் பாகு ஒரு சீசா, தாராவுக்கு அவளே தைத்த சிவப்புப் பூப்போட்ட கவுன். இவ்வளவையும் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். முதல் இரவு ஹமதானைத் தாண்டி, வாய்க்கால் ஓரம் நெட்டிலிங்கம் போல உயர்ந்து நின்ற மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்தார்கள். ஈரஜ் தீ மூட்டினார், தக்காளியும் முட்டையும் வதக்கினார், பழைய பாட்டு ஒன்றைச் சுருதியில்லாமல் பாடினார். மனிதர் இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று ஃபரங்கிஸுக்குத் தோன்றியது.

காலையில் பைக்குக்குக் கீழே மண்ணில் எண்ணெய்க் கறை இருந்தது. ஃபரங்கிஸ்தான் பார்த்தாள். இன்ஜின் ஆயில் சொட்டுகிறது, பாருங்கள் என்றாள். இதோ பார்க்கிறேன் என்று அவர் குனிவதற்குள் பக்கத்துக் கூடாரத்துக் குடும்பம் தேநீருக்குக் கூப்பிட்டது. இரண்டு முறை மறுத்துவிட்டு மூன்றாம் முறை போனார். ஒரு தேநீர் குடித்துவிட்டு எழுந்தால் அவமதிப்பாகிவிடும், இன்னொன்றும் அதற்கு மேல் இன்னொன்றும் குடித்தார். அவர்கள் முலாம்பழம் வெட்டிக் கொடுத்தார்கள். பதிலுக்கு இவர் நெகாருக்கு வைத்திருந்த உலர்திராட்சையில் பாதியை அள்ளிக் கொடுத்தார். வெயில் ஏறிவிட்டது என்று அவசரமாகக் கிளம்பியதில் எண்ணெய்க் கறையை இரண்டு பேருமே மறந்துபோனார்கள்.

கெய்தாரைத் தாண்டி, ஆள் நடமாட்டமில்லாத மேட்டு நிலத்தில் போய்க்கொண்டிருந்தபோது இன்ஜின் கரகரவென்று அரைத்தது. பிறகு ஒரு குலுக்கலோடு சக்கரம் இறுகி, வண்டி இழுத்துக்கொண்டே போய் நின்றது. ஃபரங்கிஸ் விழவில்லை, தொல்மே பானையை மார்போடு கட்டிக்கொண்டு ஈரஜின் முதுகில் மோதிக்கொண்டாள். ஆயில் முழுவதும் வழியிலேயே ஒழுகித் தீர்ந்து, இன்ஜின் இறுகிப் பிடித்துவிட்டது. ஈரஜ் மண்டியிட்டுப் பார்த்தார், எட்டி உதைத்துப் பார்த்தார். கிக்கர் அசையவில்லை. இது சாலையோரத்தில் சரியாகிற கோளாறு இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்தே அவள் தெரிந்துகொண்டாள். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த கோதுமைக் காடு. சன்ஜான் இன்னும் ஒரு மணி நேரப் பயணம். நெகார் இந்நேரம் பூங்காவுக்கு வந்திருப்பாள்.

அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும், கொஞ்ச நேரத்திலேயே ஒரு நீல நிறப் பிக்கப் வண்டி வந்து தானாகவே நின்றது. பின்னால் நான்கைந்து ஆடுகள். ஓட்டுநர் அந்தப் பக்கத்துத் துருக்கிய மொழிக்காரன், புழுதி படிந்த மீசை. இறங்கி வந்து இன்ஜினைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"ஹாஜி, இது இனிமே நகராது. நான் சன்ஜானுக்குத்தான் போறேன். ஆட்ட ஓரமா தள்ளிட்டு வண்டியத் தூக்கிப் போட்டுடலாம். அக்காவும் நீங்களும் முன்னாடி ஏறுங்க."

ஃபரங்கிஸ் மூட்டையை எடுத்தேவிட்டாள்.

"உங்களுக்கு எதுக்குத் தம்பி சிரமம்?" என்றார் ஈரஜ், கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு. "சின்னக் கோளாறுதான். நாங்க பாத்துக்கறோம்."

"சிரமம் ஒண்ணுமில்ல ஹாஜி. சும்மா சொல்லல, ஏறுங்க."

உங்கள் நிழல் எங்கள் தலைமேல் குறையாமல் இருக்கட்டும் என்று ஈரஜ் வாழ்த்தினார். உங்கள் ஆடுகள் வெயிலில் வாடுகின்றன, எங்களால் உங்களுக்குத் தாமதம் வேண்டாம் என்றார். அதோடு நிற்காமல் ஃபரங்கிஸ் கையிலிருந்த பானையைத் திறந்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று நீட்டினார். அவன் மறுத்தான், இவர் விடவில்லை. ஃபரங்கிஸ் வாயைத் திறந்தாள். ஆனால் அந்நிய ஆண் முன்னால் கணவன் வேண்டாம் என்றதை மனைவி வேண்டும் என்று சொல்வதா? வாயை மூடிக்கொண்டாள். மகளுக்குச் சுற்றிய தொல்மேயில் ஒரு கை நிறைய ரொட்டியில் வைத்து வாங்கிக்கொண்டு, உங்கள் கை வலிக்காமல் இருக்கட்டும் என்று அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு அந்த மனிதன் வண்டியில் ஏறினான். ஆடுகள் அவர்களைப் பார்த்துக்கொண்டே போயின.

ஈரஜ் சாலையில் நின்று அந்த வண்டி போன திசையைப் பார்த்தார். அவர் முகத்தில் நிஜமான ஏமாற்றம் இருந்தது.

"மூணாவது தடவ கேப்பான்னு நெனச்சேன்" என்றார். "கேட்டிருந்தா ஏறியிருப்பேன்."

அதற்குப்பின் வந்த வண்டிகள் குறைவு. இரண்டு கார்கள் வேகம் குறைத்தன. ஈரஜ் கையை மறுபடி நெஞ்சில் வைத்துத் தலையைச் சாய்த்தார். உதவி கேட்கிற மனிதர் அப்படி நிற்க மாட்டார். நலமாக இருக்கிறோம், போய் வாருங்கள் என்று வழியனுப்புகிறவர்தான் அப்படி நிற்பார். அவர்களும் போய்விட்டார்கள்.

வெயில் சாய ஆரம்பித்தபோது பேமான் ஈரஜின் போனுக்குக் கூப்பிட்டான். பாவம், நல்ல பையன். எங்கே இருக்கிறீர்கள், கார் இருக்கிறது, நான் வந்து அழைத்துக்கொண்டு போகிறேன் என்று அவன் சொல்வது ஃபரங்கிஸுக்கே கேட்டது. அவள் போனுக்காகக் கையை நீட்டினாள். ஈரஜ் திரும்பி நின்றுகொண்டு, நீங்கள் களைத்து வந்திருப்பீர்கள், விடிவதற்குள் கிளம்ப வேண்டியவர்கள், நாங்கள் வந்துகொண்டேதான் இருக்கிறோம் என்றார். அவன் அப்பாவின் உடல்நலம், அம்மாவின் உடல்நலம், அந்தச் சித்தப்பா மகனின் உடல்நலம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுப் போனை வைத்தார்.

ஃபரங்கிஸ் அப்போதுதான் வெடித்தாள். எத்தனையோ வருஷமாக உள்ளே போட்டுப் பூட்டியது எல்லாம் வந்தது. காரில் தொடங்கினாள், சீருடை மூட்டையில் தொடங்கினாள், சம்பந்தி வீட்டுக்குப் போக விடாததில் தொடங்கினாள், எல்லாமே இந்த மேட்டு நிலத்தில்தான் வந்து முடிந்தது.

"வாங்கன்னு ஒரு வார்த்தை. சொன்னா உங்க நாக்கு வெந்தா போயிடும்? ஊரெல்லாம் உங்களப் புகழுது, அந்தப் புகழுக்கெல்லாம் யாரு பங்குல இருந்து எடுத்துக் குடுத்தீங்க? என் பங்குல இருந்து. இன்னிக்கு எம் பொண்ணையும் எடுத்துக் குடுத்துட்டீங்க."

ஈரஜ் தலையைக் குனிந்துகொண்டு கூடாரத்தின் கயிறுகளை அவிழ்த்தார். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் அவளுக்கு அன்று பாவம் பார்க்கிற மனநிலை இல்லை. சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி அவர் கூடாரத்தை அடித்து முடித்தார். பிறகு போனைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்.

"அடுத்த தடவ நீயே பேசு" என்றார். "நான் பேசல."

கேட்கிறவர்கள் மறுபடியும் கேட்பார்கள் என்று அவளுக்கும் தெரியும். போனைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வாங்கம்மா. சீக்கிரம் வாங்க. கெய்தார் சாலை, மேட்டுக்குக் கீழே ஒரு கூடாரம் தெரியும். அவ்வளவுதான், பச்சைக் குழந்தையும் சொல்லிவிடும்.

பொழுது மங்கும் நேரத்தில் நெகார் கூப்பிட்டாள்.

"அம்மா, எங்கம்மா இருக்கீங்க? அப்பா வந்துட்டே இருக்கோம்னாராம். வண்டி ரிப்பேரா?"

ஆமாம், இன்ஜின் போய்விட்டது, சாலையோரத்தில் இருக்கிறோம் என்றாள் ஃபரங்கிஸ். மகளின் குரல் இவ்வளவு பக்கத்தில், ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது என்று நினைத்துப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அப்ப நாங்க கிளம்பி வர்றோம். பேமான் சாவிய கையில வெச்சிட்டு நிக்கறாரு. தாராவுக்குத்தான் சாயங்காலத்துலேர்ந்து உடம்பு லேசா சுடுது. பரவால்ல, கார்லயே தூங்கிடுவா. வரட்டுமாம்மா?"

"ஐயோ, உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்?"

அவள் சொல்லவில்லை, அது தானாக வந்தது. மூட்டையைத் தூக்கித் தூக்கித் தழும்பேறிய தோள் எப்படித் தானாகக் குனியுமோ அப்படி வந்தது. வந்தபின்பும் அவள் பயப்படவில்லை. இது முதல் முறைதானே.

"நெஜமாவா சொல்ற?" என்றாள் நெகார். "நீ ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே கிளம்பிடறோம்."

"நெஜமாத்தான். காய்ச்சக்காரப் புள்ளய இருட்டுல அலைக்கழிக்காதீங்க. காலைல தூரப் பயணம் வேற."

அந்தப் பக்கம் பேமான் ஏதோ கேட்டான். "வேணாங்கறாங்க" என்று நெகார் அவனிடம் சொல்வது கேட்டது. ஃபரங்கிஸ் காத்திருந்தாள். இனி கேட்டால் சரி என்று சொல்வாள். சரி என்ற சொல் நாக்கின் நுனியில் தயாராக உட்கார்ந்திருந்தது. குழந்தை எங்கோ சிணுங்கியது. நெகார் மூக்கை உறிஞ்சினாள்.

"சரிம்மா" என்றாள். "போய்ச் சேந்ததும் கூப்பிடறேன். தாரா, பாட்டிக்கு சலாம் சொல்லு."

சலாம் என்றது ஒரு கரகரத்த சின்னக் குரல். பிறகு போன் நின்றுபோனது.

ஃபரங்கிஸ் போனைக் கீழே வைக்கவில்லை. மூன்றாம் முறை கேட்காமல் யாராவது விடுவார்களா? அவள் பெற்ற பெண், அவள் வளர்த்த பெண், இந்த ஊர்ப் பழக்கம் தெரியாதவளா? இப்போது கூப்பிடுவாள், பேமான் வற்புறுத்துகிறாரம்மா, வந்தே தீருவோம் என்பாள். நாமே கூப்பிட்டு, வாருங்கள் என்றால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. விரல் நெகாரின் பெயர்வரை போனது. ஆனால் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்ன வாயால் கூப்பிட்டு எப்படிக் கேட்பது? மறுத்தது அவள், மறுபடி கேட்க வேண்டியது அவர்கள். அதுதானே முறை. விரலை எடுத்துவிட்டாள்.

கோதுமைக் காட்டில் வெளிச்சம் வடிந்துபோன பிறகு ஒரு செய்தி வந்தது. தாராவுக்கு மருந்து கொடுத்துவிட்டோம், எல்லோரும் படுக்கிறோம், நீயும் தூங்கு அம்மா என்று எழுதியிருந்தது. ஃபரங்கிஸ் அதை வாசித்தாள். பக்கத்தில் தாராவின் சிவப்புக் கவுன் மடித்த மடிப்போடு இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது, சாயங்காலம் திட்டியதைவிடப் பெரிதாக, ஊருக்கே கேட்கிற மாதிரி. வாயைத் திறந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இனி எந்த வாயை வைத்துக்கொண்டு திட்டுவாள்? இத்தனை வருஷமாக அவளுக்கென்று மிச்சம் இருந்தது அந்த ஒரு நியாயம்தான். அதையும் இன்று தன் கையாலேயே கொடுத்துத் தொலைத்துவிட்டாள்.

ஈரஜ் மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நல்லாச் சொன்ன" என்றார். நிஜமாகவே மெச்சிச் சொன்னார். "புள்ளைக்கு உடம்பு சுடுதுன்னா எப்படி வரச்சொல்றது? நீ பேசினது நாகரிகமான பேச்சு."

மேட்டு நிலத்தில் குளிர் இறங்கத் தொடங்கியதும் இருவரும் கூடாரத்துக்குள் போனார்கள். அவர்களிடம் இருந்தது ஒரு கெட்டிக் கம்பளியும் ஒரு மெல்லிய விரிப்பும். ஈரஜ் கம்பளியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நீயே போத்திக்க. எனக்குக் குளிரல."

ஃபரங்கிஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்பளியை வாங்கி, தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்புகிறவளைப் போலக் கூடாரத் துணியைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஈரஜ் இரண்டாம் முறை சொல்வதற்காக வாயைத் திறந்தவர், நீட்டிய கையோடு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.